அம்மாவின் ஒரே படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மடத்திலிருந்து ஜெசிந்தா எழுதுகிறேன். ஆண்டவர் உங்களையும் தங்கச்சி ஸ்டெல்லாவையும் சுகமாக வைத்திருக்கட்டும். முழங்கால் வலி குறைந்ததா? பூனாகலைத் தோட்டத்தில் பெருமழை பெய்தால் லயத்து வீட்டில் இருக்காதீர்கள். மாதா கோயிலுக்குப் போய்விடுங்கள்.

நான் நலம். போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது, நீங்கள் வருத்தப்படாதீர்கள். என் ஜெபப் புத்தகத்துக்குள் அம்மாவின் படம் இருந்ததைப் பெரிய சிஸ்டர் பார்த்துவிட்டார்.

"உலகத்த விட்டுட்டு வந்தவளுக்கு இது எதுக்கு?" என்று கேட்டார்.

"மண்சரிவுல அம்மாவும் வீடும் போயிருச்சுங்க சிஸ்டர். இந்த ஒரு படந்தான் மிச்சம்" என்றேன்.

"அப்ப இதுதான் ஒன்னோட கடைசிப் பற்று. ஒன் கையாலேயே அடுப்புல போடு."

போட்டேன். சுற்றி நின்ற எல்லோரும் நன்றிப் பாட்டுப் பாடினார்கள். தேநீர் நேரத்தில் எனக்கு மட்டும் இரண்டு துண்டு கேக் கொடுத்தார்கள். சாப்பிட்டேன் அப்பா.

இங்கே குளிர் அதிகம். பழைய கம்பளிச் சட்டை இருந்தால் அனுப்புங்கள். இன்னொன்று: அம்மாவுக்கு மச்சம் இருந்தது இடது கன்னத்திலா, வலது கன்னத்திலா? இரண்டு நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை. மறக்காமல் எழுதுங்கள்.

மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகள்
ஜெசிந்தா