ரப்பர் பால் பூசிய சுருள்

இன்று காலை மருமகள் அலமாரியைத் துடைக்கும்போது ஒரு பிஸ்கட் டின்னை இறக்கி வைத்தாள். மூடியைத் திறந்ததும் புளித்த ரப்பர் வாடை இந்த ஈப்போ வீட்டின் கூடம் முழுவதும் பரவியது. உள்ளே உங்கள் வயர்லெஸ் செட்டின் கம்பிச்சுருள். அதன்மேல் நீங்கள் பூசிய பால் கறுத்து, இளகிய வெல்லம்போல் பிசுபிசுத்தது.

"தூக்கிப் போட்டுறவா அத்தே? கையெல்லாம் ஒட்டுது."

நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

தாப்பா சாலையில் நாம் இருந்த ரப்பர் தோட்டம் இப்போது பாமாயில் எடுக்கும் செம்பனைக் காடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நீங்கள் அங்கே கணக்கெழுதும் கிராணி. மற்ற கிராணிகள் மாலையில் சீட்டாடப் போவார்கள். நீங்கள் ஆலை எஞ்சினில் சார்ஜ் ஏற்றிய பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து வயர்லெஸ் செட்டின் முன் உட்காருவீர்கள். சுற்றுவட்டாரத்தில் வயர்லெஸ்ஸில் அலை அனுப்ப லைசென்ஸ் பெற்றிருந்த ஒரே தமிழர் நீங்கள். அனுமதித்த அளவிலிருந்து உங்கள் அலை விலகக்கூடாது. புதுப்பிக்கும் முன் அதிகாரி வந்து சோதிப்பார். கிராணிக்கு எதற்கு இந்த விளையாட்டு என்று துரை ஏற்கெனவே கேட்டிருந்தார். ஒருமுறை பறிபோனால் மறுபடி கிடைக்காது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அலையின் அளவு நிச்சயமாகத் தெரிந்த ஹாலந்து வானொலி நிலையம் ஒன்று மாலையில் கிடைக்கும். நமது அலையை அதனருகே கொண்டுபோனால் ஒரு விசில் பிறக்கும். நெருங்க நெருங்க அது பியானோவின் மேல்கட்டையிலிருந்து கீழே இறங்கி, இரண்டு அலைகளும் ஒன்றாகும் இடத்தில் நின்றுவிடும். தாண்டினால் திரும்ப ஏறும். அந்த நிசப்தத்தைப் பிடித்து டயலில் கோடு போட வேண்டும்.

உங்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்காக வருடக்கணக்கில் விழுங்கிய கொயினா மாத்திரை உங்கள் காதுக்குள் ஓயாத இரைச்சலை வைத்துவிட்டது. கான்வென்ட்டில் என் பியானோ பாடத்தில் அரைச் சுருதி பிசகினாலும் கன்னியாஸ்திரீகள் விடமாட்டார்கள். அந்தக் காதுதான் உங்களுக்கு வேலைக்கு வந்தது. ஹெட்ஃபோனை எனாமல் மங்குக் கிண்ணத்துக்குள் போட்டால் சத்தம் பெரிதாகும். நான் குனிந்து கேட்பேன், நீங்கள் குமிழைத் திருப்புவீர்கள்.

"நின்னுருச்சா டீச்சரம்மா?" நான் எந்தப் பள்ளியிலும் கற்பித்ததில்லை. அது உங்கள் கேலி.

"இல்ல. இன்னும் முனகுது. அவசரப்படாதீங்க."

"ஒங்கிட்ட பாஸ் வாங்குறதுக்கு அந்த அதிகாரியே தேவலாம்லா."

உங்கள் காதில் கேட்பது எந்தச் சுருதி என்று ஒருநாள் கேட்டேன். பாடிக் காட்டச் சொன்னேன். முயன்று பார்த்துவிட்டு, "பாட்டுக்குள்ள அடங்காத சத்தம் அது" என்றீர்கள்.

மழைக்காலத்தில், அலையின் அளவைத் தீர்மானிக்கும் இந்தச் சுருளில் ஈரம் ஏறினால் அளவு நகர்ந்துவிடும். அதற்கு நீங்கள் கண்ட வழிதான் இந்த ரப்பர் பால், தோட்டத்துப் பேச்சில் கித்தாப் பால். ஆலையிலிருந்து ஒரு குவளை கேட்டு வாங்கி, சுருள்மேல் பூசிக் கோடுகளைப் புதிதாகப் போட்டீர்கள்.

"காயுறப்ப சுருங்காதா?" என்றேன்.

"நம்ம கித்தாப் பால் நம்மள ஏமாத்துமா?"

ஏமாற்றியது. அதிகாரி வருவதற்கு முந்தின மாலை ஹாலந்து நிலையம் அதன் கோட்டில் இல்லை. காய்ந்த பால் கம்பிச் சுற்றுகளை ஒன்றோடொன்று இழுத்திருந்தது. உரித்தால் சுருளே அவிழ்ந்துவிடும். சுருங்கிய சுருளுக்கே கோடுகளை மாற்றினோம். நான் கேட்டுச் சொல்ல, நீங்கள் அழித்து அழித்துப் போட்டீர்கள்.

மறுநாள் அதிகாரி, நிச்சயமான அலையை எழுப்பும் தன் அளவுப் பெட்டியோடு வந்தார். உங்கள் அலையை அதனோடு நீங்களே ஒன்றாக்கிக் காட்ட வேண்டும், டயலில் எந்தக் கோடு நிற்கிறதென்று அவர் பார்ப்பார். மங்கு வழக்கம்போல் மேசைமேல் இருந்தது. நான் தேநீர்த் தட்டோடு வாசற்படியில் நின்றேன். விசில் நிற்கும்போது தட்டைக் கீழே வைப்பது என்று பேசிவைத்திருந்தோம். விசில் இறங்கியது. நீங்கள் குமிழைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தீர்கள். முனகலும் அடங்கிய பிறகு, சத்தமில்லாமல் தட்டை வைத்தேன். உங்கள் விரல் நின்றது. அவர் டயலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"டீ ஆறிப்போச்சு" என்றீர்கள், அவர் கார் மறைந்ததும்.

"லைசென்ஸ் வேணுமா, சூடான டீ வேணுமா?"

போர் வந்தபோது செட்டை ஒப்படைக்கச் சொன்னார்கள். இந்தச் சுருளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டீர்கள். அதற்குள் உங்களுக்கு என் குரலும் கேட்காமல் போயிருந்தது. கடைசி வருடங்களில் நான் பேசியதெல்லாம் கையால்தான். ஆஸ்பத்திரியில் கண்ணை மூடும்வரை நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

போன வருடத்திலிருந்து எனக்கும் காதுக்குள் இரைகிறது. வயதானால் வருவதுதான் என்றார் டாக்டர். பேத்தியின் பியானோவில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தேன். எதிலும் சேராமல், மேலே இரண்டு கட்டைகளுக்கு நடுவே நிற்கிறது. நீங்கள் சொன்னது சரிதான், பாடவும் முடியவில்லை.

உங்களுக்குக் கேட்டதும் இதுதானா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. ஒத்துப் பார்க்கத்தான் நீங்கள் இல்லை. இப்போதும் தேநீர்த் தட்டை நான் சத்தமில்லாமல்தான் வைக்கிறேன். வைத்துவிட்டு, கையை உடனே எடுப்பதில்லை.