உன் மனையில் ரோடு, என் மனையில் புல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. அது எப்படி வந்தது என்று கடிதத்திலேயே வரும், அதற்குள் பதறிப்போய்ப் போன் பண்ண வேண்டாம். அங்கே குளிர் எப்படி இருக்கிறது? உன் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி குறைந்ததா? சின்னவளுக்கு விழுந்த பல் முளைத்துவிட்டதா? பெரியவள் போன மாதம் அனுப்பிய போட்டோவில் உன் தோளைத் தாண்டிவிட்டாள். இன்னும் கொஞ்ச நாளில் நீதான் அவளை அண்ணாந்து பார்த்துத் திட்ட வேண்டியிருக்கும்.

போன் இருக்கும்போது இவள் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் நீ "சரிக்கா" என்பாய். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று உன்னைத் தூக்கி வளர்த்த எனக்கே இன்றுவரை பிடிபடவில்லை. இந்த முறை அது உதவாது. விஷயம் நம் இரண்டு மனைகளைப் பற்றியது.

அந்த மனைகளை அடுத்தடுத்து வாங்கிய அன்றுதான், வருடக்கணக்காக "அடுத்த வருஷம் வந்துருவோம்" என்று சொல்லிக்கொண்டிருந்த நீ, முதல் முறையாக ஒரு மாதத்தின் பெயரைச் சொன்னாய். உன் மனைவியும் போனை வாங்கி, "நடுவுல ஒரு சுவர் மட்டும் வெச்சிருங்க அண்ணி, அப்பதான் உறவு நல்லா இருக்கும்" என்றாள். எனக்குக் கோபமே வரவில்லை. அவள் சொன்னது என் மனசிலும் இருந்ததுதான். உன் அத்தான் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வைக்கலாமா என்று கேட்டு என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நம் மனைகள் இருக்கிற அந்தப் புதுக் குடியிருப்பின் ரோடு நெடுஞ்சாலையில் வந்து சேருகிற சந்திப்பைச் சரிபார்க்கும் வேலை, ஊரில் இத்தனை கம்பெனிகள் இருக்க, ரோடு பிளான் போடுகிற எங்கள் ஆபீசுக்கே வந்து சேர்ந்தது. நான் நேராக மேனேஜரிடம் போய், "இதுல என் மனையும் இருக்கு சார், நான் இந்த ஃபைலைத் தொடக் கூடாது" என்றேன். அவர் அதை ஸ்கேலிடம் கொடுத்துவிட்டார். ஸ்கேல் எங்கள் ஆபீசின் மூத்த இன்ஜினியர். நேராக நிற்பார், நேராகப் பேசுவார், கிழித்த காகிதத்தைக்கூட நாலாக மடித்துத்தான் குப்பையில் போடுவார். அதனால் வந்த பெயர்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். குடியிருப்பு கட்டுகிற முதலாளிக்குப் பெரிய அலங்கார வளைவு வைக்க ஆசை. தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே நுழைவாயிலை வைத்துவிட்டார். மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஏறி வருகிற வண்டி, உச்சியைத் தாண்டித் தலைகாட்டும்வரை வாசலில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. போர்டில் எழுதியிருக்கிற வேகத்தில் வந்தால், தெரிந்த பிறகு பிரேக் போட்டு நிற்க இடம் இருக்கிறது. அதற்கு மேல் வந்தால் இல்லை. அப்படி வருகிறார்கள் என்றால் வாசலை மேட்டடிக்கு, சமதரைக்குக் கொண்டுபோக வேண்டும். மேட்டடியில் ரோட்டை ஒட்டிய இரண்டு மனைகள் யாருடையவை என்று உனக்குத் தெரியும்.

ஆகவே எல்லாம் வண்டிகள் எவ்வளவு வேகமாக வருகின்றன என்பதில் நின்றது. ஸ்கேல் வேகம் அளக்கும் கருவியோடு ஒரு நாள் முழுக்க வெயிலில் நின்று அளந்துவிட்டு வந்தார். சாயங்காலம் என் மேஜைக்கு வந்து, "மேடம், நான் இதை உங்ககிட்ட சொல்லக் கூடாது. ஆனா எல்லாரும் போர்டுல இருக்கிற வேகத்துலதான் வர்றாங்க. உங்க மனைக்கு ஒன்னும் ஆகாது" என்றார். அந்த மனிதர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து இரண்டு வீட்டு வரைபடங்களையும் எடுத்து விரித்து, உன் சமையலறையை நானே ஒரு அடி பெரிதாக்கினேன்.

மறுநாள் காலை அத்தானும் நானும் அந்த வழியாகக் காரில் போனோம். மேட்டை நெருங்கும்போது எதிரே வந்த லாரிக்காரர் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்துக் காட்டினார். அவருக்குப் பின்னால் வந்த வேன்காரரும் காட்டினார். அத்தான் உடனே வேகத்தைக் குறைத்து, பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "முன்னாடி போலீஸ் நிக்குதுபோல" என்றார். மேட்டைத் தாண்டினால், இன்னொரு தடவை அளந்து உறுதி செய்துகொள்ள அங்கே நம் ஸ்கேல் நிற்கிறார். பளபளக்கும் பச்சைச் சட்டை, தொப்பி, கையில் கருவி, நேரான முதுகு. அவரைப் பார்த்தால் எனக்கே லைசென்சை எடுத்து நீட்டத் தோன்றியது. ரோட்டில் போகிற அத்தனை பேரும் கல்யாண ஊர்வலம் மாதிரி ஊர்ந்து போனார்கள்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். வீடு வந்து சேர்வதற்குள் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, ஏன் என்று நீயே ஊகித்திருப்பாய்.

ஸ்கேலிடம் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது. "இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ணதில்ல மேடம்" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "உங்களுக்கு நல்ல சேதி சொல்ற சந்தோஷத்துல கண்ணு மறைச்சிருச்சு" என்றார். திருப்பி அளக்க ஒரு தோதான ஏற்பாடு வேண்டும் என்றார். அத்தான் முந்திரிக்கொட்டை மாதிரி நம் காரைத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரமாகக் காரை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்து, வண்டி ரிப்பேர் மாதிரி காட்டுவது என்றும், ஸ்கேல் சாதாரணச் சட்டையில் பின்சீட்டில் குனிந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக அளப்பது என்றும் திட்டம். நான் ஃபைலைத்தானே தொடக் கூடாது, வேடிக்கை பார்க்கலாம் என்று ஒரு ஸ்டூலைப் போட்டுக் குடை பிடித்து உட்கார்ந்துகொண்டேன்.

உலகத்தில் இத்தனை நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அளக்க விடாமல் ஆளாளுக்கு நிறுத்தி, "என்ன சார் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். "ஒன்னுமில்லீங்க, சூடு ஆறட்டும்" என்று அத்தான் அனுப்பி வைப்பார். ஸ்கூட்டரில் வந்த ஒரு மெக்கானிக் மட்டும் மசியவில்லை. "சூடா? தொட்டா ஜில்லுன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டு, பையைத் திறந்து வேலையை ஆரம்பித்துவிட்டார். உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. எதையோ கழற்றினார், எதையோ துடைத்தார், திருப்பி மாட்டினார். காசு வேண்டாம் என்று பெருந்தன்மையாகக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நன்றாக இருந்த நம் கார் அதற்குப் பிறகு கிளம்பவில்லை. அத்தான் தள்ளிக்கொண்டு வந்ததில்தான் அந்த இடுப்புப் பிடிப்பு.

ஆனால் அந்த மெக்கானிக் கிளம்பியபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். நுழைவாயில் வரப்போகிற இடத்தில் இப்போது ஒரு மண்பாதை இருக்கிறது. அவர் அங்கிருந்து ரோட்டைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்கம் போனார். இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பார்த்தார், நானும் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் நடு ரோட்டுக்கு வந்த நேரம் மேட்டுக்கு மேலே ஒரு லாரி முளைத்தது. பிரேக் கத்திய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மெக்கானிக் ஸ்கூட்டரைச் சட்டென்று திருப்பி எதிர்ப் பள்ளத்தில் போய் விழுந்தார். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்தியாய்யா?" என்று கத்தினார். பள்ளத்திலிருந்து, "அவதான்யா சோப்பு வாங்க அனுப்பிச்சா" என்று பதில் வந்தது. ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் ஸ்பானர்களைப் பொறுக்கிக் கொடுத்தோம். எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவள் சைக்கிளில் முன்னால் போக, சின்னவள் பின்னால் மிதித்துக்கொண்டு அந்த இடத்தில் ரோட்டைக் கடப்பது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர்களும் இரண்டு பக்கமும் ஒழுங்காகத்தான் பார்த்திருப்பார்கள்.

அன்றைய கணக்கை ஸ்கேல் என்னிடம் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

மனை வாங்கிய எல்லோரையும் முதலாளி தன் விற்பனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் குடியிருப்பின் சின்ன மாதிரி வடிவம். அதில் எல்லா மரமும் பச்சை, எல்லாக் காரும் சிவப்பு, மேட்டை மட்டும் காணோம். ஸ்கேல் எழுந்து நின்று, "என் முதல் நாள் கணக்கு தப்பு. வண்டிங்க என்னைப் பாத்து பயந்து மெதுவா போச்சு" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். பின்வரிசையில் ஒருவர், "அப்ப நீங்களே தெனமும் அங்க நின்னுருங்க சார், செலவில்லாம முடிஞ்சிரும்" என்றார். இன்னொருவர் அவரைப் போலவே ஒரு பொம்மை செய்து நிறுத்தலாம் என்றார். ஒரு அம்மா, வாசலை மாற்றினால் வீடு முடிய இன்னும் தாமதமாகும், பார்த்துப் போனால் எதுவும் ஆகாது என்று சத்தம் போட்டார். பெரும்பாலோர் அவர் பக்கம்.

நான் மனைக்காரியாக எழுந்தேன். பள்ளத்தில் விழுந்த மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னேன். "அவர் பாத்துதான் போனாரும்மா. மேட்டுக்கு அந்தப் பக்கம் யாராலயும் பாக்க முடியாது" என்றேன். அப்போது முதலாளி, "மாத்தினா கீழ இருக்கிற ரெண்டு மனை போகும். அந்த ரெண்டு பேரும் எழுதிக் கொடுத்தா மாத்திடறேன். இல்லேன்னா பழைய பிளானையே நெடுஞ்சாலைத் துறைக்கு அனுப்புவேன், பாஸ் ஆனா ஆகட்டும்" என்றார். ஒன்று என்னுடையது, நான் சம்மதிக்கிறேன் என்றேன். இன்னொன்று யாருடையது என்றார். என் தம்பியுடையது என்றேன். அவர் சம்மதிப்பாரா என்று கேட்டார்.

"கேட்டுச் சொல்கிறேன்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சம்மதிப்பான்" என்று சொல்லிவிட்டேன்.

அதுவரை எதிர்த்தவர்கள், போவது யார் மனை என்று தெரிந்ததும் சட்டென்று பொதுநலம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சத்தம் போட்ட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களை மாதிரி நாலு பேர் இருந்தால் போதும் என்றார். அவருடைய மனை பூங்காவுக்கு எதிரே பத்திரமாக இருக்கிறது. அத்தான் காதோடு, "தியாகி அம்மா, வீட்டுக்குப் போலாமா?" என்றார். ஆட்டோவில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கைக்குட்டையைக் கொடுத்தார்.

புதிய வரைபடத்தில் திரும்புகிற வண்டிகள் காத்திருக்க நடுவில் தனித் தடம் வருகிறது. உன் மனை முழுக்க ரோடு ஆகிறது. என் மனை, வருகிற வண்டி மறையாமல் தெரிவதற்காக மூலையில் காலியாக விடுகிற இடம். அங்கே முழங்காலுக்கு மேல் எதுவும் வளரக் கூடாது. ஆக உன் மனையில் தார், என் மனையில் புல். அங்கேயும் நாம் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கிறோம் என்று அத்தான் ஆறுதல் சொல்கிறார்.

பதிலுக்குக் கொடுக்க முதலாளியிடம் கடைசி வரிசையில் ஒரே ஒரு மனைதான் மிச்சம். பெரியது, நல்ல காற்று. ஆனால் ஒன்றுதான். நம் இருவரில் ஒருவர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அல்லது இரண்டு பேரும் சேர்ந்து மேலும் கீழுமாகக் கட்டிக்கொள்ளலாம். மாடி வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் நடுவில் சுவர் எழுப்ப எந்த இன்ஜினியராலும் முடியாது என்று எனக்குத் தெரியும். உன் மனைவியிடம் இதைச் சொல். படிக்கட்டை வெளியே தனியாக வைத்து, கதவை வேறு திசையில் திருப்பித் தருகிறேன். அவள் கூப்பிடாமல் அந்தப் படியில் கால் வைக்க மாட்டேன் என்று எழுதியும் தருகிறேன். மாடி வேண்டுமா கீழ் வேண்டுமா என்று முதலில் அவளே சொல்லட்டும், எனக்கு மிச்சம் போதும். என் வாய் கொஞ்சம் நீளம், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு அத்தான் ஜவாப்தாரி என்று அவரே சொல்லச் சொன்னார்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். முதல் தாள், மனையை ரோட்டுக்கு விட்டுக்கொடுப்பது. அதில் உடனே கையெழுத்துப் போடு. உன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று கோபம் இருந்தால் திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். கையெழுத்தை மட்டும் நிறுத்தாதே. அந்த வாசலில் வெளியே வரப்போகிற அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் அதை நம்பி இருக்கிறார்கள்.

இரண்டாவது தாளில் பணமா, பாதி மனையா என்று கேட்டிருக்கிறார்கள். மனையே போன பிறகு எதற்கு வருவது என்று உனக்குத் தோன்றலாம். அங்கே வேலை நன்றாக இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பழகிவிட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். நீ பணத்தை வாங்கிக்கொண்டால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அதற்கு அவசரமில்லை, நிதானமாக யோசித்து எழுது என்றுதான் இந்த வரியை ஆரம்பித்தேன். அப்படி எழுத வரவில்லை. அவசரம்தான், தம்பி.

நீயும் அவளும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். அதை இங்கே வந்து இருங்கள்.

என்றும் உன்
அக்கா