பொம்மை ஊர்ப் பிள்ளையாரைச் சுற்றியவள்

அக்கா,

சனிக்கிழமை போனவர்கள் நான்கு பேர்: நான், என் மகன் கதிர், உன் மகள் உமையாள், அத்தான். என் வீட்டுக்காரர் கடையை விட்டு வர முடியவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கே போய் வந்தாலும் "யார் யாருடி வந்தாங்க?" என்பதுதானே உன் முதல் கேள்வி.

இப்போது துணி மடிக்கையில் அந்த ஆரஞ்சு நிற சாக்ஸ் கையில் வந்தது. அடியில் ரப்பர் புள்ளி வைத்தது. இரண்டு முறை துவைத்தும் ரப்பர் வாடை போகவில்லை. கொட்டிவாக்கத்துப் பொம்மை ஊருக்குள் நுழைய இதை அவர்களிடமே வாங்கி மாட்ட வேண்டுமாம். வீட்டிலிருந்து கொண்டுபோனது செல்லாதாம். கணக்குப் பார்க்கிறவள் நான், வாசலிலேயே எரிச்சல் வந்துவிட்டது. அதையெல்லாம் உன்னிடம் கொட்டாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்? பேப்பரில் விளம்பரம் பார்த்து உமையாளுக்கு ஆசை காட்டியவள் நீதானே. உன் வருஷத் திதி முடியட்டும் என்று காத்திருந்து அழைத்துப் போனேன்.

ஊர் சுற்றக் கிளம்பினால் உனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் மந்தைவெளியில் உன் தெருக்கோடிப் பிள்ளையார், பிறகுதான் பஸ். முதலைப் பண்ணைக்குக் கிளம்பிய நாள் நினைவிருக்கிறதா? அடையாறு தாண்டியதும், "ஐயோ, பரீட்சைக்கு நேர்ந்துகிட்ட சிதறுகாயை உடைக்கலையேடி!" என்று எல்லாரையும் இறக்கித் திரும்ப இழுத்துவந்தாய். தேங்காய் உடைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. முதலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டிய புளியோதரையை உன் வீட்டுக் கூடத்தில் சாப்பிட்டோம்.

"முதலை எங்க பெரியம்மா?" என்று கதிர் அழுதான்.

"முதலை எங்கியும் ஓடிடாதுடா. சாமிகிட்ட சொன்னதை முடிக்காம ஊர் சுத்தினா, அது சும்மா விடாது" என்றாய்.

உமையாள் உன் மடியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம்தான். ஆனாலும் நீ சொன்னது சரி என்றே நினைத்தேன்.

இந்தப் பொம்மை ஊர் என்பது குளிரூட்டிய ஒரு பெரிய கூடம். உள்ளே குட்டித் தெருக்கள், தபால் ஆபீஸ், தீயணைப்பு நிலையம், பேக்கரி, ஆஸ்பத்திரி. பிள்ளைகள் உடுப்பு மாட்டிக்கொண்டு அந்தந்த வேலை செய்ய வேண்டும். ஒலிபெருக்கிச் சத்தத்தில் பக்கத்தில் பேசுவது கேட்காது. அசல் ஊர் மாதிரியே இருக்க வேண்டும் என்று தெருமுனையில் ஓர் அரசமரம், அதன் அடியில் ஒரு பிள்ளையார். இரண்டும் ஃபைபர். கதிர் தன் தீயணைப்புத் தொப்பியைக் கழற்றிப் பிள்ளையார் தலையில் மாட்டினான். "டேய், சாமிடா அது! எடுடா!" என்று நான்தான் கத்தினேன்.

உமையாள் அதைக் கேட்டாள். சாக்ஸைக் கழற்றிவைத்துவிட்டுப் பிள்ளையாரைச் சுற்ற ஆரம்பித்தாள்.

மூன்று சுற்றில் முடிப்பாள் என்று நின்றேன். முடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வேஷத்துக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு குழந்தை சேர்ந்துகொண்டது. அப்புறம் தபால்காரன் உடுப்பில் இரண்டு, சமையல் தொப்பியில் ஒன்று. ஓர் அம்மா என்னிடம் வந்து, "இந்த ஆக்டிவிட்டிக்கு எவ்ளோ நேரம்ங்க? லைன் எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்கிறாள்!

அங்கே வேலை செய்யும் பெண் ஓடிவந்தாள். "இன்னாக்கா இது? இது கேம் இல்லக்கா, சும்மா செட்டிங். பாப்பாவ நிறுத்த சொல்லுக்கா, ஃபயர் இன்ஜின் திரும்ப வழி இல்லாம கீது."

"பொம்மைதானே உமா, போதும் வா" என்றேன்.

"இப்பதானே சாமின்னு கத்துனீங்க?" என்றாள். நிற்காமல் நடந்துகொண்டேதான் சொன்னாள்.

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "எதுக்குடி இந்தப் பிடிவாதம்? நேரமெல்லாம் போகுது!" என்று கேட்டேன்.

அவள் அழவில்லை. "அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப தினமும் சுத்தறேன்னு பிள்ளையார்கிட்ட சொன்னேன் சித்தி. ஒரு நாள் மழை. நான் போகல, டிவி பாத்தேன். மறுநாள் அம்மா செத்துட்டா."

பெஞ்சில் இருந்த அத்தான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். வெகுநேரம் திரும்பி வரவில்லை.

"சாமி அப்படியெல்லாம் செய்யாதுடா கண்ணு" என்றேன்.

"அப்போ அம்மா சொன்னது பொய்யா?"

பார்த்தாயா, என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய் என்று! சாமி செய்யாது என்றால் நீ பொய் சொன்னவள் ஆகிறாய். நீ சொன்னது மெய் என்றால் இந்தப் பிள்ளை உன்னைக் கொன்றவள் ஆகிறாள். தினமும் விளக்கேற்றிவிட்டு எதையாவது படிக்கிறேனே, அதிலெல்லாம் தேடிப் பார்த்தேன். பத்து வயதுக் குழந்தைக்குச் சொல்லும்படி ஒரு வரி அகப்படவில்லை. நேர்ந்துகொண்டால் முடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். முடிக்க முடியாமல் போனால் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார் என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கக் கூடாதா? சிதறுகாயை மறந்துவிட்டு அடையாறு வரைக்கும் போனவள்தானே நீ! உன்னை அவர் என்ன செய்துவிட்டார்?

இப்போது விடுமுறைக்கு என் வீட்டில்தான் இருக்கிறாள். கடற்கரைக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறாள். சாயங்காலம் ஆனால் தி.நகர் நெரிசலில் எங்கள் தெருப் பிள்ளையாரிடம் போய்ச் சுற்றுகிறாள். நானும் கூடப் போகிறேன். "இன்னும் எத்தனை உமா?" என்று கேட்டால், "தெரியாது சித்தி. போதும்னு யாராவது சொல்லணும்ல" என்கிறாள்.

நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் அப்பாவும் சொல்லிப் பார்த்துவிட்டார். எங்கள் பேச்சு எடுபடவில்லை. உன் வாயால் கேட்டதை உன் வாயால்தான் மாற்ற முடியும். கனவில் வருவதாக இருந்தால் என் கனவில் வேண்டாம், அவள் கனவில் போ. போதும் என்று ஒரு வார்த்தை சொல். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சொல். சீக்கிரம் பதில் வேண்டும், அக்கா.