சத்தமில்லாமல் ஏறிய பேரிங்

9.12.74, திங்கள் இரவு

அத்தானும் நானும் காரின் முன்சில்லுக்குப் புதுப் பேரிங் போட்டோம். துருப்பிடித்து ஒட்டியிருந்த பழையதைக் கழற்ற நேற்றுப் பகல் முழுவதும் சுத்தியலால் அடித்தோம். புதியதும் அடித்தால்தான் ஏறும், ஏறினால் அசையக்கூடாது, அசைந்தால் ஓட்டத்தில் சில்லே கழன்றுவிடும். ஆனால் என் பெருவிரல் அழுத்தலுக்கே உள்ளே போய்விட்டது. மீன்வாடியில் வாங்கிய ஐஸில் வைத்ததால் சுருங்கியிருக்கும் என்று நினைத்தோம். குளிர் போனபிறகும் ஆடியது.

"பேரிங் இருக்கிற சில்லுக்குடம் தேஞ்சு போச்சு. வேற எங்க எடுக்கிறது?" என்றார் அத்தான் மெதுவாக. துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, இறக்குமதித் தடையால் ஒரு இரும்புச் சாமானும் வருகிறதில்லை.

விடிய அக்காவை இந்தக் காரில்தான் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே டொக்டர் கையை விரித்துவிட்டார்.

கட்டிலில் கிடந்தபடி அக்கா கேட்டாள்: "சரிவந்திட்டுதோ?"

"ஓம்," என்றார் அத்தான்.

"நேற்று என்ன இடி இடிச்சியள். இண்டைக்கு ஒரு சத்தமும் இல்லை. நல்லா நித்திரை கொண்டனான்."

நாங்கள் சில்லைப் பூட்டினோம்.