மாமாவின் சாமி மொழி

மார்கழி 3, செவ்வாய்
விடிய இருந்து மழை. கொடியில உடுப்பு மூண்டு நாளா ஈரம்.

பதிப்பாசிரியர் நாவலைத் திருப்பி அனுப்பிட்டார். "வட நோர்வே, பனிப்பாலைவனம் எண்டு எழுதியிருக்கிறீங்கள். வாசிக்க வேர்க்குது." இன்னொண்டு: அழிஞ்சுகொண்டிருக்கிற மொழியைப் பற்றின நாவலில அந்த மொழிச் சொல் ஒண்டுகூட இல்லையாம். தை முடிய முதல் திருத்தாட்டி புத்தகம் இல்லை.

நியாயம்தான். நான் கண்ட பனி, பிரிட்ஜின்ர மேல்தட்டு.

என்ர மனிசன் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு: "ராசன் மாமாட்டக் கேளுமன். அங்க பதினெட்டு வருசம் மீன் வெட்டினவர்."

அஞ்சு வருசமா எழுதுறன். மாமாவின்ர ஞாபகமே வரேல்லை. வெட்கம்.

மார்கழி 5, வியாழன்
லீவு. இரணைமடுப் பக்கம், மாமா வீட்டை. வரம்பில ஒரு செருப்புப் போச்சு.

"மாமா, பனி எப்பிடி இருக்கும்?"

"வழுக்கும்."

"வேற?"

"வேற என்ன பிள்ளை? இருட்டில பக்டரிக்குப் போறது, இருட்டில வாறது. நான் கண்டது மீன்."

கொப்பியில எழுதினது: வழுக்கும். மீன்.

அந்த நேரம் அயல்வீட்டு மாடுகள் பயிருக்குள்ள. மாமா கையை வீசி, "போஅதே! போஅதே!" மாடுகள் நிண்டு பார்த்திட்டு இன்னும் உள்ளுக்கு வந்துது.

"என்ன பாஷை மாமா?"

"சாமி மொழி. மீன் மேசையில எனக்குப் பக்கத்தில நிண்ட மாரெத் எண்ட மனிசி சொல்லித்தந்தது. நான் சுணங்கினா இப்பிடித்தான் கத்துவா. கெதியாப் போ எண்டு அர்த்தம்."

குசினியில இருந்து மாமி: "எந்தச் சாமி எண்டு கேள் பிள்ளை. ஆறு வருசமாக் கேக்கிறன்."

சாமி எண்டது அங்கத்தைய ஆதிச்சனத்தின்ர பேர் எண்டு விளங்கப்படுத்தினன். மாமி நம்பேல்லை. சாமி ஏறியிட்டுது எண்டு போன மாசம் மாமாவின்ர பேரில அர்ச்சனை செய்தவாவாம்.

மாமா பத்து வரைக்கும் எண்ணினார். ஒக்தா, குஒக்தே, கொல்ப்மா... ஒவ்வொண்டா எழுதினன். நான் தேடின மொழி சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு வரம்பில நிக்குது.

"மாரெத் இப்ப எங்க மாமா?"

"தெரியாது. இங்க வந்த இந்த ஆறு வருசமாப் போன் எடுக்கேல்லை." மாட்டைப் பார்த்துக்கொண்டு: "எடுத்து, அவா இல்லை எண்டு சொன்னா?"

மார்கழி 8, ஞாயிறு
மழை விட்டிட்டுது. மாரெத்துக்கு எடுக்க ஒருமாதிரி மாமாவைச் சம்மதிக்க வைச்சாச்சு; நம்பர் அவற்றை பழைய கொப்பியில இருந்தது. சேட்டுப் போட்டு, சீப்பால தலை இழுத்து, போனுக்கு முன்னால.

எடுத்தது மாரெத்தின்ர மகள். கமராவைத் திருப்பினா. யன்னலடியில, கம்பளிக்குள்ள, மெலிஞ்ச ஒரு மனிசி. அங்க காலமை, ஆனா வெளியில கும்மிருட்டு.

மாமா சுகம்கூடக் கேக்கேல்லை. எண்ணத் தொடங்கிட்டார். நாலில மாரெத்தும் சேர்ந்தா. பத்தை ரெண்டுபேரும் ஒண்டா முடிச்சினம்.

பிறகு மாமா பெருமையா மாடு கலைக்கிற கதை சொன்னார், நோர்வே பாஷையில. மாரெத் சிரிச்சுச் சிரிச்சு இருமினா. மாமாவின்ர முகம் போன போக்கு!

"போஅதே" எண்டா "வா" வாம். சுணங்கின மாமாவைக் கூப்பிட்டிருக்கிறா.

ஆறு வருசமா மனிசன் மாட்டை வயலுக்கு வரவேற்றிருக்கிறார்.

மாமி: "அதுதானே பார்த்தன்! அதுகள் வேற ஒருத்தற்றை வயலுக்கும் போறேல்லை!"

மகளுக்கு அந்த மொழி தெரியாது. பள்ளிக்கூடத்தில பிள்ளையைப் பகிடி பண்ணுவினம் எண்டு மாரெத் வீட்டில கதைக்கேல்லையாம். போனை வைக்க முதல் மகள் கேட்டா: "அம்மா இப்பிடிச் சிரிச்சுக் கனகாலம். அடுத்த ஞாயிறும் எடுப்பீங்களோ?"

மாமா "ஓம்" எண்டார். தமிழில.

மார்கழி 12, வியாழன்
மூண்டாம் அத்தியாயம் கிழிச்சாச்சு. வெண்பட்டு, பளிங்கு, வெள்ளிமலை, எல்லாம் குப்பைக்கு. புதுசில: மீன் மேசை, ரெண்டு கத்தி, கையுறைக்குள்ள விறைச்ச விரல். பனி ஒரேயொரு வரி.

மார்கழி 15, ஞாயிறு
வெயில். மாமா எனக்கு முதலே போனைத் தூக்கிட்டார்.

மகள் கொப்பியோட தாய்க்குப் பக்கத்தில. தாய் சொன்னா வெட்கப்படுறா, மாமா சொன்னாத் திருப்பிச் சொல்றா. அதால மாமாதான் வாத்தியார். அவற்றை உச்சரிப்புப் படுமோசமாம். மாரெத் திருத்த வாயைத் திறக்கிறா, சிரிப்பில ஏலேல்லை.

ஏழோட மாமா நிண்டிட்டார். எட்டு வரேல்லை. மகள் பேனையோட பார்த்துக்கொண்டு இருக்கிறா. மாரெத் கண்ணைத் துடைக்கிறா.

குசினியில இருந்து மாமி: "காவ்ட்சி! உரப்பை எண்ணேக்க ஒவ்வொரு நாளும் கத்துறியள், இப்ப என்ன மறதி?"