சுகன்யாவின் லிஸ்ட்டு

செவ்வாய்க்கிழமை, இரவு.

பேத்தி சுகன்யா வீட்டிலிருந்தே கம்பெனிக்கு ஜாவா என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறாள். அவள் தனியாக எழுதிய முதல் வெப் பக்கம் இன்று காலை நின்றுவிட்டது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்களாம். மத்தியானம் சாப்பிடவேயில்லை.

"என்ன கண்ணு ஆச்சு?" என்றேன்.

"புரோகிராம்ல லிஸ்ட்டுனா, தக்காளி அடுக்குற கிரேட்டுப் பெட்டின்னு வச்சுக்க ஆயா. கிரேட்டை லாரியில ஏத்தலாம். உள்ள கொழகொழன்னு பழுத்தது இருந்தா ஊர் போய்ச் சேருமா? என் லிஸ்ட்டு சீரியலைசபிள்தான், சேமிச்சுத் திருப்பி எடுக்கலாம். உள்ள போட்ட ஒண்ணு அப்படி இல்ல, அதான் பக்கம் நின்னுபோச்சு. ஜெனரிக்ஸ்னு ஒரு வசதி இருக்கு, அதுல 'இந்த வகை மட்டுந்தான் வரணும்'னு எழுதியிருந்தா அப்பவே தடுத்திருக்கும்."

"இதுக்கா பட்டினி கெடந்த? பாலக்கோடு தக்காளி மண்டியில கேட்டிருந்தா, பழுத்ததைக் கிரேட்டுல போடாதேன்னு சொல்லியிருப்பாங்களே!"

"போ ஆயா!" என்று சிரித்துவிட்டாள்.

நாலு மணிக்குச் சரிசெய்துவிட்டாள். யார் செய்த தப்பு என்று மேலதிகாரி போனில் கேட்டார்.

"நான்தாங்க சார். வகை போடாம விட்டுட்டேன்" என்றாள், குரல் நடுங்காமல். அவர் அடுத்த பக்கத்தையும் அவளையே எழுதச் சொன்னார்.

நானாயிருந்தால் மழுப்பியிருப்பேன். இவள் யாரைக் கொண்டு பிறந்தாளோ, என்னை இல்லை. ஆனாலும் என் பேத்தி.