எட்டுப் பேரும் விட்ட கேள்வி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

குலசேகரத்தில் முதல் சுற்று முடிந்தது. வினோஜ் அண்ணனின் வடமிழுப்பு அணி எட்டுப் பேரும் காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு, கழுவிய கை காயும் முன்பே வந்து உட்கார்ந்து முப்பது கேள்விக்கும் எழுதித் தந்தார்கள். தக்கலை கபடி, வாலிபால் ஆட்களோடு சேர்த்து நாற்பது பேர்.

ஆராய்ச்சி என்றதும் அம்மா ஏதோ ராக்கெட் விடப்போகிறேன் என்று நினைக்கிறாள். விளையாட்டுக்காரர்களுக்குச் சாப்பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கும் வினாத்தாள். அதை நம்பலாமா என்று பார்ப்பதுதான் என் வேலை. தராசில் அதே மூட்டையை மறுபடி வைத்தால் அதே எடை காட்ட வேண்டும் இல்லையா? அதே ஆட்கள் இரண்டு வாரம் கழித்து அதே தாளை எழுதுவார்கள். இடையில் நான் விடை சொல்லக் கூடாது. பதினாலு நாள் வாயை மூடிக்கொண்டு - நான்!

ஆகஸ்ட் 6

சாயா குடிக்கும்போது அண்ணன் ஆரம்பித்தான். "ஏட்டி ஜிஷா, எடை பாக்கதுக்கு முந்தின நாளு தண்ணி குடிக்கப்பிடாதுன்னு நான் சொல்லுதேன். குடிக்கணும்னு எங்க அணி சுதன் சொல்லுதான். எதாக்கும் சரி?"

பதினெட்டாம் கேள்வி! நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினேன். "பதினேழாம் தேதி கழிஞ்சு சொல்லுதேன்."

ஓணப் போட்டியில் இழுக்கிற ஏழு பேரின் எடை சேர்த்து 455 கிலோவைத் தாண்டக் கூடாது. அதற்காக முந்தின நாள் முழுக்கத் தண்ணீரைத் தொடமாட்டார்கள். போன ஓணத்துக்கு அண்ணனுக்குக் கெண்டைக்கால் பிடித்திழுத்து, வடத்தை விடாமலே விழுந்தான். போகட்டும், போட்டிக்கு ஒரு மாதம் இருக்கிறது.

ஆகஸ்ட் 11

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இரண்டாம் சுற்று. நான் தக்கலையில் இருந்ததால் அண்ணன் அணியின் தாள்களை அவனிடமே கொடுத்திருந்தேன். ஒழுங்காக வாங்கி வைத்திருந்தான்.

ஆகஸ்ட் 18

இரண்டு சுற்று விடைகளும் ஒத்துப்போகும் அளவு, ஒன்றுக்கு 0.52. குறைந்தது 0.7 வந்தால்தான் வினாத்தாள் தேறும்.

தாள்களைப் புரட்டினேன். அண்ணன் அணியின் எட்டும் ஒரே அச்சு. தப்புகூட ஒரே தப்பு. பதினெட்டாம் கேள்வி எட்டிலும் காலி. அண்ணனைப் பிடித்துக் கேட்டேன்.

"மொதல்ல ஆளுக்கொண்ணா எழுதிப்போட்டோம்லா, அது மானக்கேடு. இந்த வாட்டி எல்லாரும் கூடியிருந்து பேசி எழுதினோம். ஆளுக்கொரு பக்கம் வலிச்சா வடம் வருமா? தண்ணிக் கேள்வி மட்டும் ஒத்து வரல்ல, விட்டுட்டோம்."

"எல்லாருமா சேந்து எனக்க தீசிஸையில்லா வலிச்சுப் போட்டிய!" கத்திவிட்டேன். அவன் முகம் சுருங்கிப் போனது.

"உனக்கு நல்லதுன்னு நெனச்சாக்கும் மக்கா."

கத்தியிருக்க வேண்டாம். தாளை அவனிடம் விட்டுப்போனது யார்? நான்தானே.

ஆகஸ்ட் 19

வழிகாட்டி ஓமனா மேடம் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "அந்த எட்டுப் பேரை எடுத்துவிடு. ஏன் எடுத்தாய் என்பதையும் எழுது. வேறு எட்டுப் பேர் வேண்டும், இரண்டு வாரம் விட்டு இரண்டு சுற்று." செப்டம்பர் பத்தாம் தேதி சமர்ப்பிக்க வேண்டும். இந்த வாரத்துக்குள் எட்டு ஆளுக்கு எங்கே போவேன்? பழைய தாளையே கொஞ்சம் மாற்றி எழுதிச் சேர்த்தால் யாருக்குத் தெரியும்? - சீ.

ஆகஸ்ட் 20

காலையில் வாசலில் எட்டுப் பேர். திற்பரப்பு வடமிழுப்பு அணி! நாலு வருஷமாக அண்ணன் முகம் கொடுத்துப் பேசாதவர்கள். நேற்று பைக்கை எடுத்துக்கொண்டு போனது இதற்குத்தானா? அழுகை வந்துவிட்டது. எட்டுப் பேரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்து எழுத வைத்தேன்.

அவர்கள் போனதும், "இனி உனக்குச் சொல்லலாம்ணா, உங்க அணியத்தான் எடுத்தாச்சே. பதினெட்டாம் கேள்விக்கு -" என்று தொடங்கினேன்.

கையைக் காட்டி நிறுத்தினான். "அவனுவளுக்குச் சொல்லாம எங்களுக்கு மட்டும் சொல்லப்பிடாது. அது களியில்ல, கள்ளாட்டம்."

செப்டம்பர் 3

திற்பரப்பின் இரண்டாம் சுற்று முடிந்தது. இரண்டு அணியையும் ஒன்றாக உட்கார வைத்து முப்பது விடையும் சொன்னேன். ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினேன், என்ன சுகம்! தண்ணீரை நிறுத்தினால் குறைவது எடை மட்டுமல்ல, இழுக்கிற பலமும்தான் என்றதும் சுதன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அண்ணன் விரல்களில் என்னவோ கூட்டிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 4

0.83!!

செப்டம்பர் 7, ஞாயிறு

ஓணப் போட்டி. தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறினால் அண்ணன் அணி மூன்று கிலோ கூடுதல். அவன்தான் அதில் கனத்தவன். தன் இடத்தில் எட்டாவது ஆளான ஆன்ஸ்லினை இறக்கிவிட்டு, கேப்டன் வெளியே நின்றான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே பாட்டில்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அரையிறுதியில் திற்பரப்பிடம் தோற்றார்கள். இரண்டு பக்கமும் ஒருவனுக்கும் கெண்டைக்கால் பிடித்திழுக்கவில்லை. கத்திக் கத்தி அண்ணனுக்குத்தான் தொண்டை கட்டிவிட்டது. வரும் வழியில் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக் குடித்தான்.